எரிக் வொன் வில்லெபிராண்ட்

எரிக் அடோல்ஃப் வொன் வில்லெபிராண்ட் (பெப்ரவரி 1, 1870 – செப்டம்பர் 12, 1949) பின்லாந்து நாட்டைச் சேர்ந்த மருத்துவர் ஆவார். மரபுவழி வரும் குருதிப்போக்கு நோய் ஒன்றை, ஈமோஃபீலியாவிலிருந்து வேறுபட்ட தனி நோயாக முதன்முதலில் விளக்கியவர் இவர். அந்நோய் இன்று வொன் வில்லெபிராண்ட் நோய் என்றே அழைக்கப்படுகிறது.

வாழ்க்கைக் குறிப்பு

பின்லாந்து உருசியப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த காலத்தில், அதன் மேற்குக் கரையிலுள்ள வாசா நகரில் சுவீடிய மொழி பேசும் குடும்பத்தில் பிறந்தார். ஹெல்சிங்கியில் மருத்துவம் பயின்று 1899 இல் முனைவர் பட்டம் பெற்றார். உடலிலிருந்து குருதியை வெளியேற்றிய பின்னர் எஞ்சிய குருதியில் ஏற்படும் மாற்றங்களே அவரது ஆய்வேட்டின் பொருள். அப்போது தொடங்கிய குருதி பற்றிய ஈடுபாடு இறுதிவரை நீடித்தது. ஹெல்சிங்கியிலுள்ள டீக்கனஸ் மருத்துவமனையில் நெடுங்காலம் பணியாற்றி 1933 இல் ஓய்வு பெற்றார்.

ஓலாந்துத் தீவுச் சிறுமி

பின்லாந்துக்கும் சுவீடனுக்கும் இடையே பால்டிக் கடலில் உள்ளது ஓலாந்துத் தீவுக்கூட்டம். அங்குள்ள ஃபோக்லோ தீவிலிருந்து 1924 இல் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி அவரிடம் அழைத்து வரப்பட்டாள். மூன்று வயதில் உதட்டில் ஏற்பட்ட ஒரு வெட்டுக்காயத்தால் அவள் ஏறத்தாழ இறக்கும் நிலைக்குச் சென்றிருந்தாள். அவளுடைய சகோதரிகள் சிலர் குருதிப்போக்கினால் ஏற்கெனவே இறந்திருந்தனர்.

அக்காலத்தில் மரபுவழிக் குருதிப்போக்கு என்றாலே மருத்துவர்களின் நினைவுக்கு வருவது ஈமோஃபீலியா. அது பெரும்பாலும் ஆண்களையே தாக்குவது. இக்குடும்பத்திலோ பெண்களே மிகுதியாகப் பாதிக்கப்பட்டிருந்தனர். வொன் வில்லெபிராண்ட் இம்முரண்பாட்டைப் பற்றிக்கொண்டு குடும்ப வரலாற்றைத் திரட்டினார். 66 பேரைப் பற்றிய விவரங்களில் 23 பேருக்கு நோய் இருந்தது. அவர்களுள் 16 பேர் பெண்கள்.

அவர் செய்த சோதனைகள் எளியவை. காதுமடலில் சிறிதாகக் குத்தி, வடிதாளால் ஒற்றியெடுத்துக்கொண்டே குருதி நிற்க எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பது அவற்றுள் ஒன்று. சில நிமிடங்களில் நிற்க வேண்டிய குருதி அச்சிறுமிக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வடிந்தது. ஆனால் குழாயிலிட்ட குருதி உரிய நேரத்தில் உறைந்தது. குருதிச் சிறுதட்டுகளின் எண்ணிக்கையும் இயல்பாகவே இருந்தது. ஆகவே இது ஈமோஃபீலியாவும் அன்று, சிறுதட்டுக் குறைவும் அன்று. 1926 இல் சுவீடிய மொழியில் வெளியிட்ட கட்டுரையில் இதனை 'மரபுவழிப் போலி ஈமோஃபீலியா' என்று குறிப்பிட்டார்.

நோயைப் பிரித்தறிய முடிந்ததேயன்றி அதனைத் தடுக்க அன்று வழியில்லை. அச்சிறுமி 13 வயதில், தனது நான்காவது மாதவிடாயின்போது குருதிப்போக்கினால் இறந்தாள்.

காரணத்தைத் தேடி

குறைபாடு சிறுதட்டுகளின் செயற்பாட்டிலும் குருதிக்குழாய்ச் சுவரிலும் இருக்கலாம் என வொன் வில்லெபிராண்ட் கருதினார். செருமானிய மருத்துவர் ருடோல்ஃப் யூர்கென்சுடன் இணைந்து 1930களில் செய்த ஆய்வுகளும் அத்திசையிலேயே சென்றன. உண்மையான காரணம் குருதி நீர்மத்தில் இருந்தது. அதனை அறிய அன்றைய கருவிகள் போதா என்பதையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

1950களின் பிற்பகுதியில் சுவீடனின் மால்மோ நகர மருத்துவர் இங்கா மரீ நில்சனும், மார்கரேத்தா புளொம்பேக் உள்ளிட்ட அவரது கூட்டாய்வாளர்களும் ஓலாந்துக் குடும்பத்தினரை மீண்டும் ஆராய்ந்தனர். இயல்பான குருதி நீர்மத்திலிருந்து பிரித்த ஒரு கூறினைச் செலுத்தியபோது நோயாளிகளின் குருதிப்போக்கு நேரம் குறைந்தது. அவர்களிடம் குறைவாகக் காணப்பட்ட எட்டாம் உறைதற் காரணியும் உயர்ந்தது. இதிலும் வியப்பானது, எட்டாம் காரணியே இல்லாத ஈமோஃபீலியா நோயாளியின் குருதியிலிருந்து எடுத்த கூறும் அதே பலனைத் தந்ததாகும். எனவே இந்நோயாளிகளிடம் இல்லாதிருப்பது வேறொரு பொருள் என்பது தெளிவாயிற்று.

அப்பொருளே வொன் வில்லெபிராண்ட் காரணி என்னும் பெரும் புரதம். காயமுற்ற குழாய்ச் சுவரில் சிறுதட்டுகளை ஒட்டவைப்பது அதன் ஒரு வேலை. எட்டாம் காரணியைத் தாங்கிச் சிதையாமற் காப்பது மற்றொன்று. இதற்கான மரபணு 12ஆம் நிறப்புரியில் உள்ளது. அது பால்சார் நிறப்புரி அன்று. ஆகவேதான் நோய் இருபாலாருக்கும் வருகிறது. பெண்களிடம் மாதவிடாயிலும் மகப்பேற்றிலும் அது எளிதில் வெளிப்படுகிறது.

வகைகளும் சிகிச்சையும்

இந்நோயின் மிதமான வகைகள் அரியனவல்ல. காரணி ஏறத்தாழ முற்றிலும் இல்லாத மூன்றாம் வகையே மிக அரிது. ஏறத்தாழ பத்து இலட்சம் பேரில் ஒருவருக்கே வருகிறது. ஓலாந்துச் சிறுமிக்கு இருந்தது இவ்வகையே. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் இது தோன்றும். எனவே தென்னிந்தியா போன்று நெருங்கிய உறவுத் திருமணம் வழக்கிலுள்ள இடங்களில் இதற்கான வாய்ப்பு கூடுதல்.

மிதமான வகைகளுக்கு, உடலில் சேமிப்பிலுள்ள காரணியை வெளிப்படுத்தும் டெசுமோபிரெசின் என்ற மருந்து 1977 முதல் பயன்பட்டு வருகிறது. மூன்றாம் வகையினரிடம் வெளிப்படுத்தச் சேமிப்பே இல்லையாதலால், அவர்களுக்குக் காரணியையே ஊசி வழி செலுத்த வேண்டும்.