அன்பும் அடமானப் பத்திரமும்

இங்கிலாந்தின் வடபாகத்தில், யார்க்ஷயர் பிரதேசத்து ஹாவொர்த் என்னும் சிற்றூரில், மரங்கள் அருகிக் காற்றே அரசாளும் மேட்டுநிலத்தின் விளிம்பில், ஒரு பாதிரியாரின் மகளாக வளர்ந்தவர் எமிலி பிராண்டே. எல்லிஸ் பெல் என்ற புனைபெயரில் தம்மை மறைத்துக்கொண்டு 1847-ஆம் வருஷக் கடைசியில் அவர் வெளியிட்ட ‘வுதரிங் ஹைட்ஸ்’ என்னும் நாவலே அவருடைய ஒரே நாவலாகவும் நின்றுவிட்டது. மறு வருஷம் டிசம்பரில், முப்பதே வயதில், அவர் காலமானார்.

பாழடைந்த மாளிகை, நள்ளிரவுப் புயல், ஜன்னலுக்கு வெளியே நின்று உள்ளே விடும்படி கெஞ்சும் பெண்ணாவி என்று, பயங்கர ரசக் கதைகளுக்குரிய அம்சங்கள் யாவும் இதில் உண்டு. ஆயினும் என்னை நடுங்கவைப்பவை அவையல்ல. ஹீத்கிளிஃப் என்னும் கதாநாயகனின் கையில் வந்து சேரும் பத்திரங்களே.

லிவர்பூல் வீதியில் அநாதையாகத் திரிந்த அவனை எர்ன்ஷா என்ற நிலக்கிழார் இரக்கத்தால் வீட்டுக்குக் கொண்டுவருகிறார். அவர் மகள் காதரினும் அவனும் ஓருயிராக வளர்கின்றனர். தகப்பனார் மறைந்தபின் அண்ணன் ஹிண்ட்லி அவனைப் பண்ணையாளாகத் தாழ்த்திவிடுகிறான். அவனை மணப்பது தனக்குக் கௌரவக் குறைவு என்று காதரின் தாதியிடம் சொன்னதைக் கேட்ட மாத்திரத்தில் அவன் வெளியேறிவிடுகிறான். அவனே தன் ஆத்மா என்று அடுத்த கணம் அவள் கதறியதைக் கேட்க அவன் அங்கு இல்லை. பின்னர் அவள் செல்வந்தனான எட்கர் லிண்டனை மணக்கிறாள்.

மூன்று வருஷங்கள் கழித்துப் பணக்காரனாகத் திரும்பி வரும் ஹீத்கிளிஃப் தன் பகைவர் எவரையும் கொல்வதில்லை. சூதாட்ட வெறி கொண்ட ஹிண்ட்லிக்குக் கடன் கொடுத்துக் கொடுத்து, அவனுடைய நிலம் முழுவதையும் அடமானமாக எழுதி வாங்குகிறான். எட்கரின் தங்கையை, சிறிதும் நேசமின்றி, பழிக்காகவே மணந்து வதைக்கிறான். மகளைப் பெற்று காதரின் மாண்டபின், அம்மகளையே பல வருஷம் காத்திருந்து பிடித்து அடைத்து, சாகக் கிடக்கும் தன் மகனுக்குப் பலவந்தமாக மணமுடித்து, அவளுடைய அசையும் சொத்தெல்லாம் தன்னைச் சேருமாறு அம்மகனிடம் உயில் எழுதி வாங்குகிறான். மனைவியின் அசையும் பொருள் கணவனுக்கே உரியது என்பது அக்கால ஆங்கிலச் சட்டம். 1870-இலும் 1882-இலும் வந்த சட்டங்களே அந்நிலையை மாற்றத் தொடங்கின. இக்கதையின் சட்ட நுணுக்கங்கள் எத்துணை துல்லியமானவை என்பதை சார்லஸ் பெர்சி சாங்கர் என்ற வழக்கறிஞர் 1926-இல் ஆராய்ந்து காட்டியிருக்கிறார்.

இவற்றினும் கொடியது ஹிண்ட்லியின் மகன் ஹேர்ட்டனுக்கு ஹீத்கிளிஃப் இழைத்த தீங்கு. தன்னை ஹிண்ட்லி எவ்வாறு கல்வி மறுத்துத் தாழ்த்தினானோ, அவ்வாறே அவன் புதல்வனையும் தாழ்த்துகிறான். பரம்பரை வீட்டு வாயிலில் 1500 என்ற ஆண்டோடு பொறிக்கப்பட்டிருக்கும் மூதாதையின் பெயர், அவனுடைய சொந்தப் பெயரே, அவனால் வாசிக்க முடியாததாகிறது. இக்கொடுமையை மகத்தான காதலின் பெயரால் மன்னிப்போரோடு என்னால் உடன்பட இயலவில்லை. காதரினின் கல்லறையைத் தோண்டி முகத்தைக் கண்டு தேறுதல் பெறும் அதே நெஞ்சுதான், ஒரு சிறுவனின் வாழ்வை நிதானமாகக் கெடுத்துக்கொண்டிருக்கிறது.

எனினும் அந்தப் பழி நிறைவேறும் தறுவாயில் காதலே அதைத் தடுத்துவிடுவதில்தான் ஆசிரியையின் மேதைமை விளங்குகிறது. காதரினின் மகள் ஹேர்ட்டனுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கிறாள். ஒருநாள் இருவரும் புத்தகத்திலிருந்து தலை நிமிர்த்தி நோக்க, மகளிடமும் அண்ணன் மகனிடமும் இருப்பவை காதரினின் கண்களே என்பதைக் காணும் ஹீத்கிளிஃபுக்கு, அடிக்கக் கை ஓங்கும் மனமே எஞ்சவில்லை. அழிப்பதில் இருந்த இன்பம் அற்றுப்போகிறது, உணவும் கசந்துபோகிறது, சில நாட்களில் மாள்கிறான். அவனுக்காக மனமாரக் கதறி அழுதவன், அவனால் அனைத்தையும் இழந்த ஹேர்ட்டன் ஒருவனே. ஆயுள் முழுதும் பத்திரங்களால் பிறர் ஆஸ்தியைக் கவர்ந்த ஹீத்கிளிஃப், தன் ஆஸ்திக்கு உயில் எழுதாமலே போய்விட, நிலம் அதன் பழைய பாத்தியதைக்காரர்களிடமே திரும்பிச் சேர்ந்தது.