ரேடியஸ் சர்வர் படுத்துட்டா யார் பதில் சொல்றது?

இன்னிக்கு பேசப்போற பேக்கப் ரேடியஸ் சர்வர், எல்லாம் ஓடுற வரைக்கும் யாருக்கும் ஞாபகம் வராத ஒரு விஷயம்.

ஒரு சின்ன பிராட்பேண்ட் ஆபரேட்டரை எடுத்துக்கோங்க. உங்க வீட்டு ரௌட்டர் யூசர்நேமும் பாஸ்வேர்டும் அனுப்பும். ஆபரேட்டரோட ரௌட்டர் அதை வாங்கி, "இவரை உள்ள விடலாமா?"ன்னு ரேடியஸ் சர்வர்கிட்ட கேட்கும். இது ஆத்தென்டிகேஷன், யுடிபி போர்ட் 1812. நீங்க எப்ப வந்தீங்க, எவ்வளவு டேட்டா ஓட்டினீங்க, எப்ப போனீங்கன்னு கணக்கு அனுப்புறது அக்கவுண்டிங், போர்ட் 1813.

சர்வர் செத்துட்டா, ஏற்கெனவே உள்ள இருக்கிறவங்களுக்கு பொதுவா ஒண்ணும் ஆகாது. ஆனா ஏரியாவுல ஒரு கரண்ட் கட் ஆகி திரும்ப வந்தா, அத்தனை வீடும் ஒரே நேரத்துல லாகின் ஆக நிக்கும். கதவைத் திறக்க ஆள் இருக்காது. அதுக்குத்தான் ரெண்டாவது சர்வர்.

ரௌட்டர்ல ரெண்டாவது ஐபி-யைச் சேர்த்தா முடிஞ்சதா? இல்ல. மூணு இடத்துல கவனிக்கணும்.

முதல்ல, நேரம். சிஸ்கோ ஐஓஎஸ்-ல டீஃபால்ட் டைம்அவுட் 5 விநாடி, ரீட்ரான்ஸ்மிட் 3. அதாவது மொத்தம் நாலு முயற்சி, 20 விநாடி கழிச்சுத்தான் பேக்கப் பக்கம் போகும். அதுக்குள்ள வீட்டு ரௌட்டர் பொறுமை இழந்து முதல்ல இருந்து ஆரம்பிக்கலாம். டைம்அவுட்டைக் குறைங்க. கூடவே டெட்டைம் செட் பண்ணுங்க. அதோட டீஃபால்ட் 0, அப்படியே விட்டா ஒவ்வொரு புது லாகினும் செத்த சர்வரையே முதல்ல தட்டும்.

ரெண்டாவது, "முடியாது"ங்கிறது வேற, பதிலே வராம இருக்கிறது வேற. முதல் சர்வர் ரிஜெக்ட் சொல்லிட்டா ரௌட்டர் அடுத்ததுகிட்ட கேட்காது. மௌனம் மட்டும்தான் பேக்கப்பைக் கூப்பிடும். ஒரு டேட்டாபேஸ் கோளாறால முதல் சர்வர் எல்லாருக்கும் ரிஜெக்ட் அனுப்பினா, பேக்கப் நல்லா இருந்தும் பிரயோஜனம் இல்ல.

மூணாவது, அக்கவுண்டிங். நிறைய பேர் கோட்டைவிடுறது இங்கதான். "வந்தார்"ங்கிற ஸ்டார்ட் கணக்கு முதல் சர்வர்ல, "போனார்"ங்கிற ஸ்டாப் பேக்கப்ல பதிவாகுதுன்னு வெச்சுக்கோங்க. ரெண்டுக்கும் தனித்தனி டேட்டாபேஸ்னா, முதல் சர்வர் கண்ணுக்கு அவர் இன்னும் ஆன்லைன்ல இருக்கார். ஒரு அக்கவுண்ட்டுக்கு ஒரு கனெக்‌ஷன்தான்னு ரூல் இருந்தா, அடுத்த தடவை அவருக்கே ரிஜெக்ட்! பணம் கட்டின கஸ்டமர், சரியான பாஸ்வேர்ட், ஆனா நெட் இல்ல. அதனால ரெண்டு சர்வரும் ஒரே கணக்குப் புத்தகத்தைப் பார்க்கணும்; டேட்டாபேஸை ரெப்ளிகேட் பண்ணி வைங்க.

இன்னொரு சின்ன பொறி. பேக்கப் சர்வர்ல உங்க ரௌட்டரோட ஐபி-யை கிளையன்ட்டா சேர்க்கலன்னா, அது சத்தமே இல்லாம பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுடும். ரௌட்டர் பார்வையில அதுவும் செத்த சர்வர்தான். சிஸ்கோவோட பழைய டீஃபால்ட் போர்ட் 1645, 1646. சர்வர் 1812-ல காத்திட்டு இருந்தா, ரெண்டும் சந்திக்கவே சந்திக்காது.

கடைசியா ஒரு வேலை. ட்ராஃபிக் கம்மியா இருக்கிற ஒரு ராத்திரி முதல் சர்வரை நீங்களே நிறுத்துங்க. ஒரு டெஸ்ட் அக்கவுண்ட்ல லாகின் ஆகி, வெளிய வந்து, திரும்ப லாகின் ஆகுங்க. அப்புறம் முதல் சர்வரை ஏத்திட்டு இன்னொரு தடவை முயற்சி பண்ணுங்க. நாலு படியும் தாண்டினா உங்க பேக்கப் நிஜமான பேக்கப். அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்!