மலாவியில் மருத்துவப் பணியாளர் பற்றாக்குறை

மருத்துவப் பணியாளர் பற்றாக்குறை என்பது ஒரு நாட்டின் மக்கள்தொகைக்கும் நோய்ச்சுமைக்கும் ஏற்ற எண்ணிக்கையில் மருத்துவர்கள், செவிலியர்கள், மருத்துவச்சிகள் முதலியோர் இல்லாத நிலையாகும். உலக சுகாதார அமைப்பு 2006ஆம் ஆண்டு அறிக்கையில் 57 நாடுகளில் இப்பற்றாக்குறை கடுமையாக உள்ளதாக அறிவித்தது. ஆயிரம் பேருக்கு மருத்துவர், செவிலியர், மருத்துவச்சி ஆகியோர் சேர்த்து 2.28 பேராவது இருக்க வேண்டும் என்பது அதன் அளவுகோல். உலக நோய்ச்சுமையில் 24 விழுக்காட்டைத் தாங்கும் ஆப்பிரிக்கப் பகுதியில் உலக மருத்துவப் பணியாளர்களில் 3 விழுக்காட்டினரே இருந்தனர். இந்நிலையை மாற்ற முயன்ற நாடுகளுள் தென்கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள மலாவியின் அனுபவம் குறிப்பிடத்தக்கது.

பற்றாக்குறையின் பின்னணி

1964இல் விடுதலை பெற்ற மலாவியில் 1991ஆம் ஆண்டில்தான் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. அதுவரை மருத்துவம் படிக்க விரும்பியோர் வெளிநாடு செல்ல வேண்டியிருந்தது. சென்றவர்களில் பலர் திரும்பவில்லை. 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் செவிலியர்களும் பிரித்தானியா முதலிய நாடுகளுக்குப் பெருமளவில் வெளியேறினர்.

வெளியேற்றம் மட்டுமே காரணம் அன்று. வயதுவந்தோரில் பத்தில் ஒருவருக்கு மேல் எச்.ஐ.வி. தொற்று இருந்த காலம் அது. நோயாளிகளின் எண்ணிக்கை பெருகியது. அதே நோயால் மருத்துவப் பணியாளர்களும் இறந்தனர். எஞ்சியோர்மீது வேலைப்பளு ஏறியது, வேலைப்பளு தாங்காமல் மேலும் சிலர் விலகினர். 2004ஆம் ஆண்டளவில் செவிலியர் பணியிடங்களில் பாதிக்கு மேல் காலியாக இருந்தன. சில மாவட்டங்களில் ஒரு மருத்துவர்கூட இல்லை. இலவச எச்.ஐ.வி. சிகிச்சையை அரசு தொடங்கிய நேரத்தில், மருந்து கிடைத்தாலும் அதை வழங்க ஆள் இல்லை என்ற அச்சம் எழுந்தது.

அவசரகால மனிதவளத் திட்டம்

இந்நெருக்கடியைச் சமாளிக்க 2004 முதல் 2010 வரையிலான அவசரகால மனிதவளத் திட்டத்தை மலாவி அரசு வகுத்தது. பிரித்தானிய அரசும் உலகளாவிய நிதியமும் இதற்கு நிதி வழங்கின. திட்டத்தின் முதன்மைக் கூறுகள்:

- 11 வகைப் பணியாளர்களுக்கு அடிப்படை ஊதியத்தில் 52 விழுக்காடு கூடுதல் தொகை.
- மருத்துவ, செவிலியர் பயிற்சி நிறுவனங்களில் இடங்களைப் பெருக்குதல்.
- உள்நாட்டவர் பயிற்சி முடித்து வரும்வரை வெளிநாட்டுத் தன்னார்வ மருத்துவர்களைப் பயன்படுத்துதல்.
- சுகாதார அமைச்சகத்தில் மனிதவள நிர்வாகத்தை வலுப்படுத்துதல்.

அன்றாட அரசு ஊதியத்துக்கு வெளிநாட்டு உதவிப் பணத்தைத் தர நன்கொடை நாடுகள் வழக்கமாகத் தயங்கும். அத்தயக்கத்தை மீறியதே இத்திட்டத்தின் புதுமை.

விளைவுகளும் குறைகளும்

இந்த 11 வகைப் பணியாளர்களின் எண்ணிக்கை 2004இல் 5,453ஆக இருந்து 2009இல் 8,369ஆக, அதாவது 53 விழுக்காடு, உயர்ந்தது. செவிலியர் வெளியேற்றமும் வெகுவாகக் குறைந்தது. ஆயினும் அதற்கு ஊதிய உயர்வை மட்டும் காரணமாகக் கூற இயலாது. அதே காலத்தில் பிரித்தானியா வெளிநாட்டுச் செவிலியர் சேர்ப்பைக் கட்டுப்படுத்தியிருந்தது.

கூடுதல் தொகை நகரத்திலும் கிராமத்திலும் ஒரே விகிதத்தில் வழங்கப்பட்டதால், கிராமப் பணியின்பால் ஒருவரை ஈர்க்கும் ஆற்றல் அதற்கு இல்லை. குடியிருப்பு, மின்சாரம், பிள்ளைகளுக்கு நல்ல பள்ளி, மேற்படிப்பு வாய்ப்பு ஆகியவை இல்லாத இடத்தில் ஊதியம் மட்டும் ஒருவரை நெடுநாள் நிறுத்திவைப்பதில்லை.

பிற்காலத்தில் வேறொரு முரண்பாடு தோன்றியது. பயிற்சி இடங்கள் பெருகியதால் ஆண்டுதோறும் புதிய செவிலியர்கள் வெளிவந்தனர்; ஆனால் அவர்களுக்கு ஊதியம் தர அரசிடம் போதிய நிதி இல்லை. பயிற்சி பெற்றோர் வேலைக்குக் காத்திருக்க, மருத்துவமனைகளில் இடங்கள் காலியாகக் கிடந்தன.

இடைநிலைப் பணியாளர்கள்

மலாவியின் மாவட்ட மருத்துவமனைகளை உண்மையில் தாங்கி நிற்பவர்கள் கிளினிக்கல் ஆபீசர் எனப்படும் இடைநிலைப் பணியாளர்கள் ஆவர். இவர்கள் மூன்றாண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியும் முடித்தவர்கள். 38 மாவட்ட மருத்துவமனைகளில் நடந்த மகப்பேற்று அறுவைச் சிகிச்சைகளை ஆராய்ந்து 2007இல் வெளியான ஆய்வின்படி, அவற்றுள் 88 விழுக்காட்டை மருத்துவர் துணையின்றி இவர்களே செய்தனர். இவர்கள் இல்லையெனில், சிசேரியன் தேவைப்படும் கிராமத்துத் தாய்க்கு அது கிடைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

அண்டை நாடான மொசாம்பிக்கிலும் இத்தகைய அறுவைச் சிகிச்சைப் பணியாளர்கள் 1984 முதல் பயிற்றுவிக்கப்படுகின்றனர். அங்கு நடந்த ஓர் ஆய்வில், மாவட்ட மருத்துவமனைகளில் நியமிக்கப்பட்டவர்களுள் ஏழாண்டுகளுக்குப் பின்னும் 88 விழுக்காட்டினர் அங்கேயே பணியாற்றினர். மருத்துவர்களில் ஒருவரும் எஞ்சவில்லை. இவர்களின் தகுதிச் சான்று வெளிநாடுகளில் செல்லாது என்பது இவர்கள் நிலைத்திருப்பதற்கு ஒரு காரணமாகும். வேறு வழியின்மையால் மட்டும் நிலைத்திருப்பவர்களுக்கு உரிய ஊதியமும் பதவி உயர்வும் மறுக்கப்படும் ஆபத்தும் இதில் உண்டு.

பன்னாட்டு நடவடிக்கைகள்

2010 மே மாதத்தில் உலக சுகாதார மாமன்றம் மருத்துவப் பணியாளர்களைப் பன்னாட்டளவில் பணியமர்த்துவதற்கான நடத்தை விதிகளை ஏற்றது. பற்றாக்குறை மிகுந்த நாடுகளிலிருந்து முனைந்து ஆள் சேர்ப்பதைத் தவிர்க்குமாறு அது செல்வந்த நாடுகளை வேண்டுகிறது. ஆனால் சட்டப்படி கட்டுப்படுத்துவதில்லை. 2023இல் வெளியான, பாதுகாப்புத் தேவைப்படும் 55 நாடுகளின் பட்டியலிலும் மலாவி இடம்பெற்றது.

பணியாளர்களைத் தக்கவைப்பது குறித்து அவ்வமைப்பு 2010இல் தனிப் பரிந்துரைகளையும் வெளியிட்டது. கிராமப் பின்னணி கொண்ட மாணவர்களைச் சேர்த்தல், தலைநகருக்கு வெளியே கல்லூரிகளை அமைத்தல், கிராமப் பணிக்கு ஈடாக உதவித்தொகை அளித்தல், குடியிருப்பு வசதி செய்தல் ஆகியன அவற்றுட் சில. இவற்றைத் தனித்தனியாக அன்றி ஒருங்கே செயற்படுத்த வேண்டும் என்பதும் அவ்வமைப்பின் வலியுறுத்தல். மலாவியின் அனுபவம் இதனுடன் இன்னொன்றையும் காட்டுகிறது: பயிற்சி அளிக்கும்போதே, பயிற்சி பெற்றவருக்கு ஆண்டுதோறும் ஊதியம் தருவதற்கான நிலையான நிதியையும் திட்டமிட வேண்டும்.