அம்மானை ஆடிப் பார்ப்போமா?

புகுமுக வகுப்பில் படித்தபோது என் மலாய்த் தோழி ஒருத்தி, ‘பத்து செரெம்பான்’ ஆடும் சிறு துணிப்பைகளில் மூன்றை எடுத்து, மாறி மாறி மேலே எறிந்து பிடித்துக் காட்டினாள். “தமிழில் இதற்கு என்ன பெயர்?” என்று கேட்டாள். ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்த எனக்குப் பதில் தெரியவில்லை. தலைகுனிந்து நின்றேன்.

பதில் பல்கலைக்கழகத்திற்கு வந்த பிறகே கிடைத்தது. அம்மானை! காய்களை மேலே எறிந்து பிடித்துக்கொண்டே பெண்கள் பாடி ஆடிய விளையாட்டு அது. மாணிக்கவாசகரின் திருவாசகத்தில் ‘திருவம்மானை’ என்றொரு பகுதியே உண்டு. பெண்பாற் பிள்ளைத்தமிழிலும் அம்மானை ஒரு பருவமாகும். எகிப்தின் பெனி ஹசன் கல்லறைச் சுவரில், சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்பே பெண்கள் பந்துகளை எறிந்து பிடிக்கும் ஓவியம் தீட்டப்பட்டிருக்கிறது. இன்று ‘ஜக்லிங்’ என்று நாம் சர்க்கஸில் பார்த்துக் கைதட்டும் வித்தைக்கும் அடிப்படை இதுதான்.

பெயரை அறிந்தால் போதுமா? ஆடியும் பார்க்க வேண்டுமல்லவா? லிட்டில் இந்தியாவில் பச்சைப்பயறு வாங்கி, கைக்கு அடக்கமாக மூன்று துணிப்பைகள் தைத்தேன். பை கீழே விழுந்தாலும் உருண்டு ஓடாது. விடுதிக் கட்டிலின் முன் நின்று பழகினால் குனிந்து எடுக்கும் வேலையும் குறையும்.

முதலில் ஒரே ஒரு பை. முழங்கைகளை விலாவை ஒட்டி வைத்துக்கொண்டு, ஒரு கையிலிருந்து மறு கைக்குக் கண் உயரத்திற்கு வளைவாக எறியுங்கள். கையைப் பார்க்காமல், பை எட்டும் உச்சியையே பாருங்கள்.

அடுத்து, கைக்கு ஒன்றாக இரண்டு பைகள். முதல் பை உச்சியைத் தொட்டதும் இரண்டாவதை அதன் அடியில் எறிய வேண்டும். எறி, எறி, பிடி, பிடி, இதுதான் தாளம். பலரும் இரண்டாவது பையை எறியாமல் மறு கைக்கு நேராகத் தள்ளிவிடுவார்கள். நானும் ஒரு வாரம் அப்படித்தான் செய்தேன்.

மூன்றாவது பை வலக்கையில் கூடுதலாக இருக்கட்டும். வலம், இடம், வலம் என மூன்று முறை எறிந்து, பிடித்து, நிறுத்திவிடுங்கள். அது கைவந்த பின் நான்கு, ஐந்து எனக் கூட்டலாம். பை முன்னால் ஓடினால் சுவரைப் பார்த்து நின்று பழகுங்கள்.

அவசரம் வேண்டாம். கைக்கு மேல் 60 சென்டிமீட்டர் உயர எறிந்த பை, திரும்பி வர ஏறக்குறைய 0.7 விநாடி ஆகும். அந்த நேரத்தை இரட்டிப்பாக்க நான்கு மடங்கு உயரம் எறிய வேண்டும். அதனால்தான் பைகள் கூடக் கூட வித்தை கடினமாகிறது. மூன்று பைகளுக்கோ கண் உயரமே போதும். எறிதல் சீரானால் பிடித்தல் தானாக வரும்.

முதல் நாளில் எத்தனை முறை தவறவிட்டேன் என்று எண்ணவில்லை. இருபதாம் நாள் பத்து எறிகள் தொடர்ந்து நின்றன. அன்றே அந்தத் தோழியைத் தொலைபேசியில் அழைத்தேன். “உன் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது” என்றேன். ஒன்பது ஆண்டுகள் தாமதம்தான்! அடுத்த முறை எஸ்பிளனேட் கடற்கரையில் சந்திக்கும்போது இருவரும் சேர்ந்து ஆடுவதாக உள்ளோம்.

நீங்களும் மூன்று பைகள் தைத்து முயன்று பாருங்களேன்!