ரப்பர் மரத்துச் சுருளும் திருகின் புரியும்

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிச் சிற்றூர்களிலும், களியக்காவிளைக்கு இப்பாலும் ரப்பர் பயிரிடப்படுகிறது. 1956 நவம்பர் 1 அன்று இவ்வூர்களுக்கிடையே மாநில எல்லை வகுக்கப்பட்டது; எனினும் பால் வெட்டும் முறை இருபுறத்தும் ஒன்றே. இடது மேற்புறம் தொடங்கும் வெட்டு, ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில், மரத்தைப் பாதி சுற்றி வலது கீழ்ப்புறம் இறங்குகிறது. திருகின் புரியும் இவ்வினத்து வளைகோடேயாகும். இதனைச் சுருளி என்பர். கணினியில் திருகை உருவமைக்கக் கற்பிக்கும் ஆசிரியர், முதலில் மாணவரைத் தோட்டத்துக்கு அழைத்துச் செல்வது நலம்.

50 செ.மீ. சுற்றளவுள்ள மரத்தின் பட்டையைத் தட்டையாக விரித்ததாகக் கொள்வோம். சுருளி நேர்கோடாகிவிடும். அதே சாய்வில் முழுச்சுற்று சென்றால் அக்கோடு ஏறத்தாழ 29 செ.மீ. இறங்கும். ஒற்றைப் புரித் திருகில் ஒரு சுற்றுக்குரிய இவ்வுயரமே புரியிடை. பட்டறையில் இதனைப் பிட்ச் என்பர். வழக்கமான 10 மி.மீ. மெட்ரிக் திருகில் இது 1.5 மி.மீ. மட்டுமே, சாய்வு சுமார் 3 பாகை. மரத்தில் பால் வழிந்தோட வேண்டும். திருகிலோ முடுக்கிய மரை உராய்வினால் நிற்க வேண்டும். மேலும், மரத்தின் வெட்டு இடப்புரி. சாதாரணத் திருகு வலப்புரி. மென்பொருள் இத்திசையையும் கேட்கும்.

ஃப்ரீகேட் என்னும் கட்டணமற்ற மென்பொருளில் புரியிடை, உயரம், ஆரம் ஆகிய மூன்றையும் தந்தால் சுருளி தோன்றும். பின்னர் 60 பாகைக் கோணமுள்ள வெட்டுருவத்தை வரைந்து, அதனைச் சுருளி வழியே செலுத்தி, தண்டிலிருந்து கழிக்க வேண்டும். மாணவர் பெரும்பாலும் இடறுவது இங்கேதான். வெட்டுருவத்தின் அகலம் புரியிடைக்குச் சமமாயின், அடுத்தடுத்த சுற்றுகள் விளிம்பில் ஒன்றையொன்று தொடும். கணினி திடவுருவத்தை அமைக்க இயலாது தவிக்கும். மெட்ரிக் தர அளவின்படி புரியின் உச்சியில் புரியிடையின் எட்டிலொரு பங்கு தட்டையாக விடப்படுகிறது. அதனைப் பின்பற்றினால் மேற்புற அகலம் 1.31 மி.மீ. ஆகும், தொடுதலும் நேராது. சுருளியைத் தண்டின் முனைக்கு அப்பால் ஒரு சுற்று நீட்டுதலும் நன்று.

இந்தியாவில் மெட்ரிக் திருகுகளுக்கு ஐ.எஸ். 4218 என்னும் தரம் உண்டு. ஆயினும் ரப்பர் ஷீட் அடிக்கும் பழைய ரோலர்களில் 1841-இல் விட்வொர்த் முன்மொழிந்த 55 பாகை அங்குலப் புரி இருக்கக்கூடும். இங்கு ஏமாறுதல் எளிது. 3/8 அங்குல விட்வொர்த் போல்ட்டின் விட்டம் 9.525 மி.மீ.; அங்குலத்துக்கு 16 புரி, அதாவது புரியிடை 1.5875 மி.மீ. 10 மி.மீ. மரையில் அது முதலில் தாராளமாகவே நுழையும். ஆனால் சுற்றுக்கு 0.0875 மி.மீ. வேறுபாடு சேர்ந்து, எட்டுச் சுற்றில் 0.7 மி.மீ. ஆகிறது. சுமை ஒன்றிரண்டு புரிகளின்மேலேயே விழுகிறது, மரை வழுகிவிடும். கைவிரல் செல்லும் ரோலரில் இதனை அனுமதிக்கலாகாது.

ஆதலின் மாதிரியை வரையுமுன் பிட்ச் கேஜால் பார்க்க வேண்டும். அது கிடையாத இடத்தில், பத்துப் புரியிடைகளின் மொத்த நீளத்தை அளவுகோலால் அளக்கலாம். 15 மி.மீ. வந்தால் மெட்ரிக், 16-ஐ ஒட்டி வந்தால் விட்வொர்த். பட்டறைக்கு வரைபடம் மட்டும் அனுப்புவதாயின் புரியை உருவமைக்க வேண்டியதில்லை. மெல்லிய கோடும் அளவுக் குறிப்பும் போதும். முப்பரிமாண அச்சில் வார்ப்பதற்கே முழு உருவம் தேவை.