வண்டி அபராதமும் நம் அங்கத்தினரும்

அனுப்பர்பாளையம் வட்டாரத்தில் நூலும் துணியும் வண்டியிற் கொண்டு செல்லும் அங்கத்தினர் சிலர், அபராதச் செய்தி வந்தவுடன் தரகரை நாடுவதைக் காண்கிறோம். 2022 அக்டோபர் முதல் தலைக்கவசம் அணியாமைக்கே 1,000 ரூபாய். அதன்மேல் தரகும் எதற்கு? செய்தியிலுள்ள இணைப்பைத் தொடாது, மத்திய அரசின் பரிவாகன் இ-சலான் தளத்துக்கு நேரே சென்று, வண்டி எண்ணைக் கொண்டு தேடுக. படமிருப்பின், அது தம் வண்டிதானா என்று நோக்குக. மெய்நிகர் நீதிமன்றத்துக்குச் சென்ற வழக்காயின், அதன் தளத்திலேயே குற்றத்தை ஒப்பிப் பணம் செலுத்தலாம். மறுத்தால் வழக்கு உரிய நீதிமன்றத்துக்கு மாற்றப்படும். செய்யாத குற்றத்தை அலைச்சலுக்கு அஞ்சி ஒப்புதல் ஆகாது என்பதே நம் கருத்து. பழைய வண்டியைத் தமிழ்நாட்டுக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும்; இன்றேல் வாங்கியவர் செய்யும் பிழைக்கும் சலான் விற்றவர் பெயருக்கே வரும்.