மூளை ஸ்கேன் ஆய்வுகளில் வயதைக் கணக்கில் கொள்வது ஏன் அவசியம்?

வறுமை, மன அழுத்தம், போதைப் பழக்கம் ஆகியவை வளரும் மூளையை எவ்வாறு பாதிக்கின்றன என்பதை அறிய முற்படும் ஆய்வுகளில், வயதைக் கணக்கில் கொள்ளத் தவறினால் குழந்தைகளின் இயல்பான வளர்ச்சியே குறைபாடாகத் தோன்றக்கூடும்.

இந்தியாவில் இக்கேள்வி வெறும் ஏட்டளவிலானது அல்ல. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையும் லண்டன் கிங்ஸ் கல்லூரியும் முன்னின்று நடத்தும் 'சி-வேதா' ஆய்வில், நாட்டின் 7 மையங்களில் 6 முதல் 23 வயது வரையிலானோர் சேர்க்கப்பட்டனர். அம்மையங்களுள் ஒன்று, மதனப்பள்ளிக்கு அருகே அன்றைய சித்தூர் மாவட்டத்தில் இருந்த ரிஷிவேலி. 2022 ஏப்ரலில் சித்தூர் பிரிக்கப்பட்டபோது, மதனப்பள்ளி அன்னமய்யா மாவட்டத்துடன் இணைந்தது. திருப்பதி தனி மாவட்டமானது.

மூளை இணைப்பு என்றால் என்ன?

எம்.ஆர்.ஐ. கருவிக்குள் ஒருவர் சும்மா படுத்திருக்கும்போதும் மூளையின் சில பகுதிகளில் சமிக்ஞைகள் ஒன்றாக ஏறி இறங்குகின்றன. இதை 1995-ல் பரத் பிஸ்வாலும் அவரது குழுவினரும் வெளிப்படுத்தினர். இரு பகுதிகளின் சமிக்ஞைகள் எந்த அளவுக்கு ஒத்துப்போகின்றன என்பதே அவற்றின் 'இணைப்பு' எனக் கணக்கிடப்படுகிறது.

இந்த இணைப்பு வயதுடன் மாறுகிறது. 7 முதல் 30 வயது வரையிலானோரின் 238 ஸ்கேன்களை ஆராய்ந்து, 2010-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு, ஸ்கேனைக் கொண்டே மூளையின் முதிர்ச்சியை மதிப்பிட்டது. அதில் கிடைத்த வளர்ச்சிக் கோடு, வேறுபாட்டில் 55 சதவீதத்தை விளக்கியது.

குழப்பம் எங்கே நேர்கிறது?

ஓர் எடுத்துக்காட்டு: சித்தூர் பகுதிக் கிராமப் பள்ளிச் சிறுவர்களையும் திருப்பதிக் கல்லூரி மாணவர்களையும் ஒப்பிட்டு, கிராமத்தாரின் மூளை இணைப்பு பலவீனமாக உள்ளது என்று ஒருவர் கூறுவதாகக் கொள்வோம். சிறுவர்களின் சராசரி வயது 10, மாணவர்களின் சராசரி வயது 19 எனில், அந்த வேறுபாடு வறுமையால் வந்ததா, வயதால் வந்ததா என்பதைக் கூற இயலாது.

எனவே ரெக்ரஷன் எனப்படும் தொடர்புப் போக்குப் பகுப்பாய்வில் வயது ஓர் இணைமாறியாகச் சேர்க்கப்படுகிறது. அப்போது கிடைக்கும் விடை, 'ஒரே வயதுடைய இருவரிடையே வறுமை எவ்வளவு வேறுபாட்டுடன் தொடர்புடையது' என்ற கேள்விக்கு உரியதாகிறது.

வழக்கமாக ஒவ்வொருவரின் வயதிலிருந்தும் குழுவின் சராசரி வயது கழிக்கப்படும். இல்லையெனில் சமன்பாட்டின் தொடக்கப் புள்ளி, ஆய்வில் இடம்பெறாத பூஜ்ஜிய வயதுக் குழந்தையைக் குறிக்கும்.

இது மட்டும் போதுமா?

போதாது. முதலாவதாக, மேற்கண்ட எடுத்துக்காட்டைப் போல இரு குழுக்களின் வயதும் எங்குமே ஒன்றன்மேல் ஒன்று படியாவிட்டால், எந்தக் கணக்கீடும் அவற்றைச் சமன்படுத்தாது. அவ்வயதுகளில் ஒப்பிடுவதற்கு ஆளே இல்லை. ஆட்களைத் தேர்வு செய்யும்போதே இதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவதாக, வளர்ச்சி நேர்கோட்டில் செல்வதில்லை. 2010 ஆய்வின் கோடும் முதலில் ஏறிப் பின்னர் மட்டுப்பட்டது. நேர்கோட்டுத் திருத்தம் மட்டும் செய்தால் வயதின் தாக்கம் ஓரளவு எஞ்சி நிற்கும். வறுமையின் தாக்கம் ஒவ்வொரு வயதிலும் ஒரே அளவில் இல்லாவிடில், இரண்டின் கூட்டு விளைவையும் தனியே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, தலை அசைவு. பெரியவர்களைவிடச் சிறுவர்கள் ஸ்கேனின்போது அதிகம் அசைவார்கள். சிறிய அசைவுகூட அருகருகே உள்ள பகுதிகளின் இணைப்பைக் கூட்டியும், தொலைவில் உள்ளவற்றின் இணைப்பைக் குறைத்தும் காட்டும் என 2012-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் எச்சரித்தனர். முதிராத மூளையின் அடையாளமாக முன்னர் கூறப்பட்டதும் இதே அமைப்புதான். ஆகவே வயதோடு அசைவின் அளவையும் கணக்கில் கொள்வது இன்று வழக்கமாகியுள்ளது.

ஒப்பிடும் அளவுகோலும் முக்கியம். 6 முதல் 60 வயது வரையிலான இந்தியர்களுக்கென 5 வயதுப் பிரிவுகளில் மாதிரி மூளை வரைபடங்களை நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்டனர்.

இந்தத் திருத்தங்கள் விடுபட்டால், பத்து வயதுக்கு முற்றிலும் இயல்பான மூளையைக் கொண்ட கிராமத்துச் சிறுவன் ஒருவன் ஆய்வு அறிக்கையில் 'பாதிக்கப்பட்டவன்' ஆகிவிடுவான். உண்மையான பாதிப்பு உள்ள மற்றொருவன் கணக்கில் மறைந்துபோகவும் வாய்ப்புண்டு.